மொட்டைக்குத் தனி வரிசை

"இன்னா கனகா, திருப்பதியா, பழனியா?"

பக்கத்து வீட்டுப் பச்சையம்மா மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டி இப்படிக் கேட்டபோது, கனகவல்லியின் தலையில் முடி இல்லாமல் போய் ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக வருவதைப் பார்த்துச் சலித்து, மிச்சத்தை அவள் புருஷன் பொன்னுரங்கமே தன் ரேசரால் மழித்துவிட்டிருந்தான். காதோரம் இரண்டு இடத்தில் கீறல். அவனுக்கு ஆட்டோ ஓட்டித்தான் பழக்கம்.

மார்பில் தொடங்கி எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்ட புற்றுநோய், அதற்கு ஏற்றும் மருந்தால் முடி கொட்டுகிறது என்று அவள் சொல்லியிருக்கலாம். "திருப்பதிதாங்க்கா" என்றாள்.

காரணம் மாவு. பொழிச்சலூரில் அந்தத் தெருவும் அடுத்த தெருவும் அவள் ஆட்டிய மாவில்தான் இட்லி சுட்டன. மூன்று வருஷத்துக்கு முன் தெருக்கோடி தீபலட்சுமிக்கு மஞ்சள் காமாலை வந்தது. தேறி எழுந்து, பழையபடி பலகாரக் கடையைத் திறந்தாள். எல்லோரும் நின்று நலம் விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். இப்போது அவள் கூடுவாஞ்சேரியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். கிரைண்டர் ஓடாத வீட்டில் உட்கார்ந்திருக்கக் கனகவல்லிக்கு விருப்பமில்லை. "முழுசா போகாதும்மா, கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்" என்று டாக்டர் ரோஹிணி சொன்னபோதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"மாவு ஆட்டலாங்களா?"

கையுறை போட்டுக்கொண்டு ஆட்டலாம், அரிசி மூட்டையைத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர்.

திருப்பதி என்று சொன்னதில் ஒரு சிக்கல் இருந்தது. "லட்டு எங்க?" என்றாள் பச்சையம்மா. பொன்னுரங்கம் தாம்பரம் வரை போய் இரண்டு பூந்தி லட்டு வாங்கி வந்தான். பச்சையம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றாள்.

"இன்னாதான் சொல்லு, கடை லட்டுல இந்த ருசி வருமா?"

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கனகவல்லி விடியற்காலையில் ஆட்டோவில் போய், மருந்து ஏற்றிக்கொண்டு, பொழுது சாயத் திரும்பினாள். அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டதாகத் தெருவுக்குத் தகவல் போகும். அந்தக் கிரைண்டருக்கு மூன்றரை மாதத்தில் ஐந்து பெல்ட் அறுந்தது.

முடி முளைக்கவில்லை.

"மறுபடியும் மொட்டையா?" என்றாள் பச்சையம்மா.

"ஏழு மொட்டை வேண்டிகினு இருக்கேங்க்கா."

"காலைல போயி சாயங்காலம் வந்துடற. தரிசனத்துக்கு நிக்க வேணாமா?"

"மொட்டைக்குத் தனி வரிசை."

பச்சையம்மா நம்பினாள். பிறகு கிட்டத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள். "புருவத்தையுமா எடுத்துட்டானுங்கோ?"

"அதுவும் வேண்டுதல்."

பச்சையம்மாவிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. மாவு வாங்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். இந்த மாவில் இட்லி சாப்பிட ஆரம்பித்த பிறகு மூட்டுவலி குறைந்திருப்பதாக நாகலக்ஷ்மி டீச்சர் சொன்னாள். கனகவல்லி கூடுதலாக ஒரு படி அரிசி ஊறவைக்க வேண்டியதாயிற்று.

இப்படியே போயிருக்கும். ஆறாவது முறைக்கு முந்தின நாள் பச்சையம்மா வந்து, "நாளைக்கு நானும் வரேன்" என்றாள். அவள் மருமகளுக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இந்த முறை நிலைத்தால் போதும் என்று தானும் மொட்டை வேண்டிக்கொண்டிருந்தாள். "உன் வரிசையிலயே நானும் நின்னுக்கறேன்."

கனகவல்லி தலையை ஆட்டி அவளை அனுப்பிவைத்தாள்.

"சொல்லிடு" என்றான் பொன்னுரங்கம்.

"போற வழில சொல்றேன்."

காலை ஐந்து மணிக்கெல்லாம் பச்சையம்மா மஞ்சள் புடவை கட்டி, புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பல்லாவரம் வந்தது. கனகவல்லி சொல்லவில்லை. மீனம்பாக்கத்தில் தொண்டையைச் செருமினாள். கிண்டியில் பச்சையம்மா மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். குறுக்கே பேசுவது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டாள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

"இது எந்த பஸ் ஸ்டாண்டு?"

"நான் திருப்பதிக்குப் போனதே இல்லக்கா. இங்கதான் வந்துகினு இருக்கேன். கேன்சர். நாலாவது ஸ்டேஜ்."

பச்சையம்மா மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். "அப்ப லட்டு?"

"தாம்பரம்."

பொன்னுரங்கம் ஆட்டோக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

பச்சையம்மா இறங்கினாள். அப்படியே பஸ் பிடித்துப் போய்விடுவாள் என்று கனகவல்லி நினைத்தாள். அவளோ ஃபைல் இருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். டோக்கன் முப்பத்தேழு கிடைத்தது. கூடம் முழுக்க மொட்டைத் தலைகள், ஆண்களும் பெண்களுமாக, சுவரில் இருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தன. பச்சையம்மாவின் கை தானாகத் தன் கொண்டைக்குப் போனது.

மருந்து ஏறிய நான்கு மணி நேரமும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். மருந்துப் பையை மாற்ற வந்த நர்ஸ் ஜோசலினைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ ஆட்ற மாவத்தான் நாங்க துன்றோம். ஒட்டிக்குமா?"

"இது ஒட்டிக்கிற வியாதி இல்லம்மா. மாவு புளிக்காம பாத்துக்கோங்க, போதும்."

பச்சையம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பாதியைக் கனகவல்லியிடம் கொடுத்தாள். அவளால் இரண்டு வாய்தான் சாப்பிட முடிந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் கனகவல்லி கேட்டாள்.

"தெருல சொல்லிடுவியாக்கா?"

பச்சையம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பத்து வருஷப் பழக்கத்தில் அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து கனகவல்லி பார்த்ததில்லை. வாயாடும் பச்சையம்மாவைவிட வாயை மூடிய பச்சையம்மாதான் அவளைப் பயமுறுத்தினாள்.

வீட்டு வாசலில் நாகலக்ஷ்மி டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் பாத்திரத்தோடு நின்றிருந்தார்கள். நேற்று ஆட்டிய மாவு ஃப்ரிட்ஜில் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"தரிசனம் நல்லா ஆச்சா?" என்றாள் டீச்சர். பிறகு பச்சையம்மாவைப் பார்த்தாள். "ஏன் பச்சையம்மா, உங்க முடி அப்படியே இருக்கே. என்ன ஆச்சு அங்க?"

கனகவல்லி ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே போய்ப் படுத்துவிடலாம் போல இருந்தது, ஆனால் பதிலைக் கேட்காமல் போக முடியவில்லை.

பச்சையம்மா வாயைத் திறந்தாள். டீச்சரைப் பார்த்தாள், மற்ற இரண்டு பேரையும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். டீச்சரின் கையிலிருந்த எவர்சில்வர் பாத்திரத்தை வாங்கி, மாவு எடுத்து வரச் சொல்வதுபோல் கனகவல்லியின் கையில் வைத்தாள். பிறகு புடவைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்று பேருக்கும் நடுவே புகுந்து தன் வீட்டுக்குப் போனாள்.