கல்லடிப் பாலத்தில் மூச்சு முட்டிய மொறிஸ்

காணிக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து இளைப்பாறிய அழகரத்தினத்துக்கு, தனக்குத் தெரியாத விசயம் உலகத்தில் இல்லை என்ற எண்ணம். தன் மொறிஸ் மைனர் காரின் இஞ்சினைக் கழற்றி வீசிவிட்டு, துவக்குச் சன்னம் பட்டுக் கிடந்த யப்பான் வான் ஒன்றின் இஞ்சினைப் பூட்டியிருந்தார். பெற்றோலைக் கண்ணால் காணக் கிடைக்காத அந்த யுத்த வருசங்களில் அது மண்ணெண்ணெய் குடித்து ஓடியது.

இடைக்கிடை வெடித்தும் ஓடியது. ஒருநாள் கல்லடிப் பாலத்துக் காவலரணுக்கு முன்னால் புகைக்குழாய் படாரென்று வெடிக்க, ஆமிக்காரர் ஆறு பேரும் குப்புற விழுந்தார்கள். எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு, அழகரத்தினத்தை ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் முழங்காலில் நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்தவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பின்வளவில் குந்தியிருந்து, கோழிக்கூட்டுக் கம்பிவலையைச் சுருட்டிப் புகைக்குழாய்க்குள் இடித்து இடித்து அடைத்தார். வெடி நின்றது. காரின் பலமும் நின்றது. எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி முந்திக்கொண்டு போனது.

திருத்த ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனார்; அதை வைத்திருந்தவள் மக்டலின். அவள் புருசனை ஆமிச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அவனுடைய ஸ்பானர்களும் அவனோடு நின்று பழகிய வேலையும் அவளுக்கு மிஞ்சின. இஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்தாள். பின்னால் போய்க் குழாய்க்கு நேரே கையைப் பிடித்தாள்.

"ஐயா, புகை போக வழியில்ல. உள்ளுக்க என்ன கிடக்கு?"

"என்ன கிடக்கப்போகுது, புகைதான். அதத் தொடாதங்க, காபரேட்டரப் பாருங்க."

"கழட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

"பொம்புளையளுக்கு இஞ்சின் எங்க விளங்கும்?" என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒருவன் பிளக்குகளை மாற்றினான். இன்னொருவன் எண்ணெய்ப் பம்பை மாற்றினான். பெரியகல்லாற்றுக்காரர் ஒருவர் இஞ்சினையே இறக்கி ஏற்றினார். எல்லாருக்கும் அழகரத்தினம் காபரேட்டர் பற்றி விரிவாக விளக்கினார். கம்பிவலையை மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் கார் பாலத்தின் நட்டநடுவில் செத்தது. ஒற்றை வழிப் பாலம். பின்னால் பஸ், மீன் பெட்டிச் சைக்கிள்கள். ஓடிவந்த ஆமிக்காரன் குனிந்து குழாயைப் பார்த்தான். உள்ளே கம்பி மினுங்கியது. "குண்டு!" என்று கத்தினான். அடுத்த கணம் காரைச் சுற்றி ஒரு குருவியும் இல்லை. தூரத்தில் நின்று துவக்கை நீட்டி, "நீ எடு" என்றான்.

கொதிக்கிற குழாய்க்குள் விரல்களை விட்டு, ஊர் பார்க்க, அழகரத்தினம் தன் பயத்தை முழம் முழமாக இழுத்தெடுத்தார். கம்பிவலை என்று கண்ட ஆமிக்காரன் சிரித்து, போகச் சொன்னான். ஒரே திருகில் இஞ்சின் கொக்கரித்துக்கொண்டு கிளம்பியது.

கட்டுப்போட்ட கைகளோடு அடுத்த நாள் மக்டலினிடம் வந்தார். வெடித்த கதையை அப்போதுதான் சொன்னார். அவள் தீப்பொறி பங்கிடும் டிஸ்ரிபியூற்றரை இளக்கி, அரை விரல் திருப்பி இறுக்கினாள்.

"தீப்பொறி பிந்தி விழுந்திரிக்கி. இனி வெடிக்காது. அண்டைக்கே சொல்லியிருந்தா இவ்வளவும் தேவையில்ல."

அழகரத்தினம் நிலத்தைப் பார்த்தார்.

"பயந்ததுக்கு வெக்கப்படாதங்க ஐயா. பயப்படாத ஆம்புளையள் இஞ்ச ஒருத்தரும் மிச்சமில்ல" என்றாள், ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே.

அழகரத்தினம் காரில் ஏறி, யன்னலால் தலையை நீட்டினார்.

"எண்டாலும் தங்கச்சி, காபரேட்டரிலயும் ஒரு சின்னப் பிழை இருந்ததுதான்."