எனாமல் உறுப்பு, ஆறாம் மாதம்

பல் மருத்துவ உலகம் தன் ஈடு இணையற்ற தூண் ஒன்றை இழந்து நிற்கிறது என்று, சூரமங்கலத்தில் தெருக்கடைசிச் சாவு வீட்டுப் பந்தலில் நின்று பேராசிரியர் கந்தப்பன் அறிவித்தார். தூண் என்றது, முந்தின நாள் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்த கைலாசத்தை. பல் மருத்துவக் கல்லூரி லேபில் திசுக்களை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஒட்டுகிற வேலை அவருக்கு. இருந்தவரை அந்தத் தூணுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கொடுத்ததில்லை.

பேராசிரியர் மலர்வளையத்தோடு மைக்ராஸ்கோப்பையும் வேனில் ஏற்றி வந்திருந்தார். அமரரின் தலைமாட்டில் அவருடைய கருவி இருக்க வேண்டுமாம். போட்டோகிராபரும் வந்திருந்தார். விளக்கை நகர்த்திவிட்டு, கைலாசம் சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டு ஒன்றோடு அந்த இடத்தில் அதை வைத்தார்கள்.

“ஏனுங்க, குளிப்பாட்டற நேரமாச்சுங்க,” என்றார், ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்திருந்த கைலாசத்தின் அண்ணன் மணியன்.

“ஒரு நிமிஷம். உங்க தம்பி உலகத்துக்கு என்ன குடுத்துட்டுப் போயிருக்கார்னு நீங்க பாக்க வேணாமா?”

மணியன் வேண்டாவெறுப்பாகக் குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தார்.

“என்ன சாமி தெரியுது?” என்றாள் அத்தை ஆத்தாயி.

“ரோசு கலர்ல கோலம் போட்டாப்ல இருக்குதுங்க.”

“ஊட்டு வாசல்ல ஒரு புள்ளி வெச்சிருப்பானா அவன்?”

“கோலமில்லீங்க, எனாமல் உறுப்பு!” பேராசிரியருக்கு வகுப்பு வந்துவிட்டது. “நடுவுல நட்சத்திரம் நட்சத்திரமா கை கோத்து நிக்குதே, அது ஒரு அடுக்கு. ஓரத்துல நெட்டையா வரிசை கட்டி நிக்கிற செல்லுதான் எனாமலைக் கட்டும். பல்லு வெளிய வரும்போது அதுல ஒண்ணுகூட உயிரோட இருக்காது. ஆறாம் மாசக் கருவோட தாடை! இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவங்களே அசந்துட்டாங்க. எங்க கெடைச்சுதுன்னு கேட்டேன், வாயே தொறக்கல. நானும் அப்புறம் கேக்கல.”

கால்மாட்டில் அழுதுகொண்டிருந்த மனைவி பூவாத்தாளின் அழுகை நின்றது. எழுந்து வந்தாள். கண்ணாடித் துண்டின் ஓரத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. புருஷனின் குண்டு எழுத்து: 14-8-85.

அன்றைக்குத்தான் அவளுக்கு ஆறாம் மாதத்திலேயே வயிற்றிலிருந்தது கலைந்து போனது. மயக்கம் தெளிந்தபோது கைலாசம் வெறுங்கையோடு நின்றிருந்தார். பல் முளைக்காததை எரிக்கக் கூடாது, அதனால் புதைத்துவிட்டேன் என்றார். கொண்டப்பநாயக்கன்பட்டி ஓடைக்கரையில் ஒரு புங்க மரத்தைக் காட்டினார். நான்கு வருடமாக அந்த மரத்தடியில் பால் ஊற்றி வருகிறாள். ஆணா பெண்ணா என்று அவள் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்விடுவார்.

அவள் குனிந்தாள். கிட்ட யாரோ ஒப்பாரியை ஆரம்பித்து, இவளைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்கள்.

“அம்மா, முகம் கொஞ்சம் இப்படி,” என்றார் போட்டோகிராபர்.

“ஏனம்மணி, என்ன தெரியுது?” என்றாள் ஆத்தாயி.

தண்ணீர்க் குடங்கள் வந்து இறங்கின. மணியன் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

“ஏனுங்க,” என்றாள் கடைசியில், பேராசிரியரிடம். “இது பொண்ணுங்களா, பையனுங்களா?”

பேராசிரியர் அவளை விலக்கிவிட்டுத் தானே ஒரு தரம் பார்த்தார். திருகைத் திருகினார்.

பல்லில் அதெல்லாம் தெரியாது என்றார்.