கரியாளின் சாயம்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் பரிசோதனை லேபில் அனுசுயாவுக்கு வேலை. சாயம் ஏறி வந்த துணியை ஈர வெள்ளைத் துண்டால் தேய்த்துப் பார்ப்பாள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்த லாட் மொத்தமும் சாயப்பட்டறைக்கே திரும்பிப் போகும். பரமக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது. வயது முப்பத்தொன்று. அட்டக்கருப்பு. அதைச் சொல்லாத ஆளை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில், தன்னைப் போலவே கருத்த பெண்பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்தாள்.

கம்பெனி முதலாளி லிங்கசாமியின் மகன் யுவன் சென்னையில் சினிமா படித்துவிட்டு வந்து, டிவிக்கு மாயாஜாலத் தொடர் ஒன்று எடுக்கத் தொடங்கினான். பெயர் 'கருமலைக் கோட்டை'. இரவின் நிறம் கொண்ட ராணி கரியாள் கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு ஏழு மந்திரவாதிகளை வெல்லும் கதை. தமிழ்த் தொடரில் கருப்பு நாயகி என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள்.

அனுசுயா கம்பு சுற்றுவதை யுவன் மைதானத்துக்கே வந்து பார்த்தான். அரை மணி நேரம் வீடியோ எடுத்தான்.

"நீங்கதானுங்க கரியாள். நான் எழுதறப்பவே உங்க மாதிரி ஒரு ஆளத்தான் நெனச்சு எழுதுனனுங்க" என்றான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவள் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். அந்த முகத்தை யாரும் ராணி என்று சொன்னதில்லை.

பத்து நாளில் வேறு சேதி வந்தது. புனேயிலிருந்து ரிஷிகா என்ற பெண் நடிக்க வருகிறாள். பால் நிறம். தினமும் மூன்று மணி நேரம் கருப்புப் பூச்சு பூசி அவளைக் கரியாள் ஆக்குவார்கள்.

"கேமராவுல உங்க மூஞ்சி நிக்கலீங்க அம்மணி. சேனல்காரங்க ஒத்துக்க மாட்டீங்கறாங்க. சண்டையெல்லாம் நீங்களே பண்ணிக் குடுங்க, முதுகுப் பக்கமா எடுத்துக்கலாம். பேரு கண்டிப்பாப் போடறனுங்க" என்றான் யுவன்.

அனுசுயா ஒத்துக்கொண்டாள். ஏன் ஒத்துக்கொண்டோம் என்று பின்னால் பலமுறை தன்னையே திட்டிக்கொண்டாள். முதுகாவது ராணியாக இருக்கட்டுமே என்று அப்போது தோன்றியிருந்தது.

அவிநாசிக்கு வெளியே ஒரு தோட்டத்தில் செட் போட்டிருந்தார்கள். ஆறு மாதம் லீவு நாளெல்லாம் அங்கே போனாள். குதித்தாள், உருண்டாள், ஒருமுறை மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டுக்கொண்டு சுற்றினாள். அவள் சுற்றி முடித்ததும் ரிஷிகா வந்து கம்பை ஊன்றி நின்று கேமராவை முறைப்பாள். வெயிலில் அந்தப் பூச்சு இளகும். கம்பின் பிடியெல்லாம் கரி அப்பியிருக்கும். தொடர் ஓடத் தொடங்கியது. பெயர்கள் ஓடுகிற இடத்தில், சாப்பாடு போட்டவர் பெயர்வரை இருந்தது. அனுசுயா பெயர் இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். நூறாவது பகுதிக்குப் பத்திரிகைக்காரர்களைச் செட்டுக்கு அழைத்திருந்தார்கள். ஒரு பெண் நிருபர் எழுந்து, "கருப்பு நாயகின்னு சொல்றீங்க, கருப்பான பொண்ணையே நடிக்க வைக்கலாமே?" என்று கேட்டாள்.

"தேடுனோங்க. கருப்பாவும் இருக்கோணும், கம்பும் சுத்தோணும். இந்தப் பக்கம் பூராத் தேடியும் அப்படி ஒரு புள்ள கெடைக்கவே இல்லீங்க. ரிஷிகாதான் நாப்பதே நாள்ல கம்பு கத்துக்கிட்டாங்க" என்றான் யுவன்.

பத்தடி தூரத்தில் வியர்வை ஆறாமல் கம்போடு நின்றிருந்தாள் அனுசுயா. யுவன் அவளைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னான். அவன் முகத்தில் கூச்சம் என்று ஒரு பொட்டும் இல்லை. அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பஸ் ஏறினாள். இவனை நான்கு பேருக்கு முன்னால் நிறுத்தியே தீர வேண்டும் என்று திருப்பூர் வந்து சேருவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

வாய்ப்பை யுவனே கொண்டுவந்து கொடுத்தான். கருப்பு நிறத்துக்கு மரியாதை செய்ததற்காக ஒரு பெண்கள் கல்லூரி அவனுக்கு விருது கொடுப்பதாக இருந்தது. மே மாதம், திறந்தவெளி மேடை, சேனலில் நேரலை. ரிஷிகா முழு வேஷத்தில் வருவாள். அதற்கு முன் அனுசுயாவின் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் கம்பு சுற்ற வேண்டும்.

"புள்ளைகளுக்கு நம்ம கம்பெனியிலயே ராணி படம் போட்டுக் கருப்பு டீசர்ட் அடிச்சுக் குடுத்தர்றனுங்க" என்றான்.

"கருப்புல ராணி படம் எடுபடாது சார். வெள்ளையில அடிங்க. பளிச்சுனு தெரியும்" என்றாள் அனுசுயா.

அவன் வெள்ளையிலேயே அடித்தான்.

விழாவன்று மதியம் வேஷ அறையில் ரிஷிகா தனியாக உட்கார்ந்திருந்தாள். கழுத்தோரம் பூச்சுக்கு அடியில் தோல் தடித்துச் சிவந்திருந்தது. "அக்கா, எரியுது" என்றாள் தெரிந்த தமிழில். அனுசுயா விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டாள். ஒரு நிமிடம் மனசு ஆடியது. அடுத்த அறையில் யுவன் யாரிடமோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. ஆடிய மனசு நின்றுவிட்டது.

பிள்ளைகள் சுற்றி முடித்ததும் கைதட்டல் ஓயவில்லை. ரிஷிகா மேடையேறினாள். அனுசுயா சொல்லிவைத்திருந்தபடி பன்னிரண்டு பேரும் ஓடிப்போய் ராணியைக் கட்டிப்பிடித்தார்கள். வெயிலில் இளகிய பூச்சு மார்பிலும் தோளிலும் அப்பியது. பிள்ளைகள் விலகி வரிசையில் நின்றபோது பன்னிரண்டு வெள்ளை டீசர்ட்டிலும் கரி. ராணியின் கையில் திட்டுத்திட்டாக வெள்ளைத் தோல்.

முதலில் சிரித்தது பின்வரிசை. பிறகு மொத்தக் கூட்டமும் சிரித்தது. ரிஷிகா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அடி வேறு இடத்தில் விழுவதை அனுசுயா பார்த்தாள். மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"யாரும் இந்தப் புள்ளயப் பாத்துச் சிரிக்காதீங்க. இது பூசுனா வந்து நிக்கிற புள்ள. பூசச் சொன்னவரு அந்தா முன்னால உக்காந்துருக்காரு. நான் கம்பெனியில துணியத் தேச்சுப் பாக்குறவ. சாயம் ஒட்டுனா லாட்டத் திருப்பி விட்ருவேன். இன்னைக்கு இவரு லாட்டத் தேச்சுப் பாத்தேன், அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றது. யுவன் எழுந்தான். "ஏனுங்க அம்மணி, எதுனாலும் அப்புறம் பேசிக்கலாமுங்க. மைக்கக் குடுங்க."

"கருப்பாவும் இருந்து கம்பும் சுத்துற பொண்ணு ஒண்ணுகூடக் கெடைக்கலைனு சொன்னீங்கள்ல சார். இந்தா பன்னெண்டு நிக்குது. எண்ணிக்கங்க. பதிமூணாவது ஆளு நான். நூறு பகுதியா உங்க ராணிக்கு முதுகு குடுத்தவ."

சொல்லிவிட்டுக் கம்பை எடுத்தாள். ஊரே டிவியில் பார்த்திருந்த அந்தச் சுற்றை, ஏழு மந்திரவாதிகளையும் வீழ்த்தும் சுற்றை, முகத்தைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு சுற்றினாள். மாணவிகள் எழுந்து நின்றார்கள். பிறகு ரிஷிகா தானாக வந்து மைக்கில், "எனக்குக் கம்பு தெரியாது. எல்லாம் அக்கா" என்றாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கல்லூரி முதல்வர் கேடயத்தை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினார். யுவன் காருக்கு நடந்த வழியெல்லாம் பிள்ளைகள் போனில் படம் பிடித்தார்கள். அவன் முகம் சுண்டியதைப் பார்த்தபோது அனுசுயாவுக்குப் பாவமாக இருக்கவில்லை. இனித்தது.

மறுநாள் லிங்கசாமி அவளை வேலையை விட்டு அனுப்பினார். "நீங்க பண்ணுனது சரியோ தப்போ, அவன் எம் பையனுங்க" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. அதை அவள் எதிர்பார்த்தே இருந்தாள். ஒரு வாரத்தில் சாமளாபுரம் ரோட்டில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். ரிஷிகா தொடரை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு யுவன் போன் செய்தான். குரல் தணிந்திருந்தது. "சேனல்ல உங்களையே கேக்கறாங்க. மூஞ்சியோடவே எடுத்தர்லாமுங்க. பேரு மொதல்ல வரும்."

ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் அந்த வார்த்தைக்கு அவள் அழுதிருப்பாள்.

"என் மூஞ்சி உங்க கேமராவுல நிக்காது சார்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வேறு ஆள் கிடைக்காமல் மூன்றே வாரத்தில் கதையை முடித்தார்கள். கடைசிப் பகுதியை அனுசுயா தன் அறையில், பிள்ளைகள் சிலரோடு, வேர்க்கடலை கொறித்துக்கொண்டு பார்த்தாள். ராணி கடைசிவரை திரும்பவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சண்டை போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே செத்தாள். விக் வைத்த ஓர் ஆம்பிளைக்குக் கரி பூசி நிறுத்தியிருந்தார்கள். தோள் இரண்டும் கதவகலம். பூச்சையும் மீறி முழங்கையில் மயிர் தெரிந்தது. கம்பை மாட்டை ஓட்டுகிறவன் மாதிரி பிடித்திருந்தான்.

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அனுசுயா சிரிக்கவில்லை. கண் எடுக்காமல், முடியும்வரை பார்த்தாள்.