நாளைக்கு உடுக்க வேண்டிய சட்டை

யாகப்பு மேடை ஏறினால் முல்லைத்தீவுக் கரையே வயிறு குலுங்கச் சிரிக்கும். வருசா வருசம் கோயில் பெருநாள் நாடகத்தில் கோமாளியின் பெண்சாதி அவன்தான். வயிற்றில் தலையணை கட்டி, மனைவி றோசம்மாவின் சட்டையை மாட்டி, வாய் நிறையப் பணியாரத்தோடு கதிரையில் குந்தி, அதை முறித்துக்கொண்டு விழுவான். மெலிந்த பஸ்தியாம்பிள்ளைக்கு இளவரசி வேடம். பாட்டு, கண்ணீர், மாப்பிள்ளை எல்லாம் அவனுக்கு. கொழுத்தவளுக்குப் பணியாரம் மட்டும். படக்கொட்டகையிலும் இதே கதைதான். யார் போட்ட சட்டமோ!

இத்தனை காலமும் றோசம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இந்த முறை முடியாது. மகள் கிறேஸும் அவளைப்போலவே நல்ல பருமன். நாளைக்குப் பெண் பார்க்க வர இருந்த சிலாவத்தை மாப்பிள்ளை வீட்டு ஆட்கள், பெருநாளுக்கென்று இன்றைக்கே வந்து முன்வரிசையில் இருந்தார்கள். கிறேஸை அவர்கள் இன்னும் கண்டதில்லை.

"இஞ்சாருங்கோ, இந்த முறை அந்த வேசம் வேண்டாம். பிள்ளையின்ரை வாழ்க்கை," என்று காலையிலேயே கெஞ்சியிருந்தாள்.

"சும்மா பகிடிதானேயப்பா. ஆர் அதைப் பெரிசா எடுக்கப்போகினம்?"

அவள் தன் சட்டைகளையெல்லாம் பெட்டிக்குள் போட்டுப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பொழுதுபட, இளவரசி அழுது பாடி முடித்தாள். அடுத்துக் கோமாளியின் பெண்சாதி வந்தாள். றோசம்மா எட்டிப் பார்த்தாள். நீலப் பூப்போட்ட சட்டை. நாளைக்குக் கிறேஸ் உடுக்கவென்று அவளே தைத்தது. கொடியில் காய்ந்ததை எடுத்திருக்கிறான், பாவி மனுசன்!

கதிரை முறிந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் இருந்த கிறேஸ் எழும்பினாள். றோசம்மா கையைப் பிடிக்க, உதறிவிட்டு நேரே மேடையில் ஏறினாள்.

"அப்பா, என்ரை சட்டையைக் கழட்டித் தாங்கோ."

இதுவும் நாடகம் என்று சனம் நினைத்தது. "இவவுக்கு ரண்டு தலையணையடா!" என்று யாரோ ஒருவன் கத்தினான். யாகப்பு மட்டும் சிரிக்கவில்லை. முதுகுப் பொத்தான் அவன் கைக்கு எட்டவில்லை. துழாவத் துழாவச் சிரிப்புக் கூடியது.

"பிள்ளை... சும்மா பகிடிக்கு..."

றோசம்மா ஏறிப்போய்ப் பொத்தான்களைக் கழற்றினாள். ஒன்று அறுந்து விழுந்தது. சட்டையை வாங்கிக்கொண்டு கிறேஸ் முன்வரிசையைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மாப்பிள்ளை கை தட்டினான்.

"அம்மா," என்றாள் கிறேஸ், எல்லாருக்கும் கேட்க. "நாளைக்கு அவையளை என்னைப் பாக்க வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

சனம் அதற்கும் கை தட்டியது. மாப்பிள்ளையின் கை மட்டும் பாதியில் நின்றது.