நான்காவது ஹெட்

எஞ்சினை மேலே மூடும் ஆறு சிலிண்டர் ஹெட்டுகளில் ஐந்தைப் பற்றி எய்னோவுக்குக் கவலையில்லை. நான்காவதுதான் உறுத்தியது.

மரம் ஏற்றும் அவனுடைய பழைய லாரி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ஹெட். எல்லாவற்றையும் கழற்றி, முகத்தைச் சமமாகச் சீவி, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, இடையில் கசிவடைக்கும் புது கேஸ்கெட் தகடு போட்டு, காலையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி முறுக்கியாகிவிட்டது. பட்டறைக் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. வடக்கு ஃபின்லாந்தில் ஏப்ரல் வந்தால் காட்டுச் சாலை இளகும். பாரவண்டிக்கு வழியை மூடிவிடுவார்கள். வெட்டி அடுக்கிய பைன் மரம் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. நாளை ஏற்றத் தொடங்காவிட்டால் வேலை வேறொருவனுக்கு. கோடை வரை இவனுக்கு வேறு வேலை கிடையாது.

நான்காவது ஹெட்டை இறக்குமுன் மரம் வெட்டும் இடத்து மேஸ்திரி போனில் கூப்பிட்டான். எய்னோ பேசினான், காபி குடித்தான், வந்து ஹெட்டை இறக்கினான். அதற்கு முன் போல்ட் துளைகளுக்குக் காற்றடித்து உலர்த்தினானா? அடி மூடிய துளைகள். கழற்றும்போது வடிந்த தண்ணீர் உள்ளே தங்கியிருந்தால், போல்ட் அழுத்த அழுத்த அது போக இடமில்லாமல் எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும்.

"நாலாவதுக்குக் காத்து அடிச்சனா, மச்சான்?"

மனைவியின் தம்பி கலெர்வோ ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்னைக் கேட்டா? நான் பன்னு தின்னுட்டிருந்தேன், மாமா."

"கடைசி முறுக்குல ஒரு போல்ட் கனமா வந்துச்சு."

"உங்களுக்கு எதுதான் லேசா வந்திருக்கு? அக்காவைக் கட்டுனப்பவும் இதே மூஞ்சிதான்."

எய்னோ எஞ்சினைச் சுற்றி வந்தான். உட்கார்ந்தான். எழுந்தான்.

"கழட்டிப் பாக்கறேன்."

"கழட்டுனா கேஸ்கெட் போச்சு. நசுங்குனது நசுங்குனதுதான். புதுசு ஔலு டவுனுலேருந்து வர்றதுக்குள்ள ரோடு சேறாயிடும்."

"தெரியும்."

"அப்படியே ஓட்டுங்க. ஓடுனா ஓடுது."

"பாரத்தோட மேடு ஏறும்போது பிளந்தா?"

"அடிச்சிருப்பீங்க, மாமா. கை தன்னால செஞ்சிருக்கும்."

"செஞ்சிருக்கும்னா? செஞ்சுச்சா, இல்லையா?"

கலெர்வோ ஸ்பானரைக் கீழே வைத்தான்.

எய்னோ நீளக் கம்பியை மாட்டி இழுத்தான். முதல் போல்ட் கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. மற்றவையும் வந்தன. ஹெட்டைத் தூக்கி வைத்தார்கள். கம்பி முனையில் வெள்ளைத் துணியைச் சுற்றித் துளைக்குள் விட்டான். துணி ஈரமில்லாமல் வந்தது. அடுத்தது. காய்ந்து வந்தது. எல்லாத் துளைகளும் சருகு மாதிரிக் காய்ந்திருந்தன.

கலெர்வோ ஒரு கெட்ட வார்த்தையை நிதானமாகச் சொன்னான். "இப்ப திருப்தியா?"

"இல்ல."

நசுங்கிய கேஸ்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டான்.

"நாளைக்கு வேற லாரியை அனுப்பிக்க. ஹெட்டைக் கழட்டிட்டேன்."

"ஐயோ. என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்ல" என்றான் எய்னோ.