ஜெபராஜ் குடும்பத்தார் அளித்த நாற்காலி

பெருங்களத்தூர் சர்ச் ஹாலிலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையன்று, ரோஸியின் பின்னாலேயே நடந்து அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த வாரம் தக்காளி விலை இறங்கியிருந்தது. முருங்கைக்காய் கிட்டேயே போக முடியவில்லை. நாற்காலியின் முதுகில் 'ஜெபராஜ் குடும்பத்தார் அன்பளிப்பு' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்ததால், ஜி.எஸ்.டி. ரோட்டில் எதிரே வந்தவர்கள் அது யாருடையது என்று கேட்கவில்லை. ஒரு லாரிக்காரர் மட்டும் ஹாரன் அடித்தார், அதுவும் ரோட்டின் நடுவே நடந்ததற்காக.

ரோஸி தாம்பரத்தில் நாலு மாடித் துணிக்கடை ஒன்றில் பல வருஷமாகப் புடவை எடுத்துப் போடுகிறவள். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். கவுன்டரில் சாய்ந்தால் கேமரா பார்க்கும், கேமரா பார்த்தால் சூப்பர்வைசர் பத்ரி வருவார். கடைப் பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. வந்த சட்டம் கடைப் படியேறாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. ரோஸியின் முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருண்டுகொண்டது. இப்படியே நின்றால் நடக்கிற காலும் நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் அவளும் பக்கத்து கவுன்டர் காந்திமதியும் ஒவ்வொரு செக்‌ஷனாகப் போய், பாத்ரூம் வாசலிலும் ஷேர் ஆட்டோவிலும் பேசிப் பேசி, பெண்களை அந்த ஞாயிறு மாலை சர்ச் ஹாலுக்கு வரவழைத்தார்கள். சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை லாசரஸ் சாவி கொடுத்ததோடு நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டு வைத்தார்.

வந்த பெண்களில் ஒருத்தியும் உட்காரவில்லை. கஸ்டமர் வந்தால் நிற்பதுபோல, கையை முன்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பழக்கதோஷம், வேறொன்றுமில்லை. உட்காருகிற உரிமையைப் பற்றி ரோஸியும் நின்றபடியேதான் பேசினாள். அவள் பேசிப் பாதி ஆனபோது பின்வரிசையிலிருந்து சிவப்பு நாற்காலி கிளம்பி வந்து அவள் முழங்காலுக்குப் பின்னால் லேசாக முட்டியது. அவள் உட்கார்ந்தாள். கூட்டத்தில் ஒருத்தி சிரிக்க, பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். "ஸ்தோத்திரம்," என்று சொல்லிவிட்டு லாசரஸ் இன்னொரு ஃபேனைப் போட்டார்.

திங்கட்கிழமை நாற்காலி அவளோடு வேலைக்கும் கிளம்பியது. ஷேர் ஆட்டோக்காரர் அதை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாக்கா இது, வூட்டு சாமானெல்லாம் தூக்கினு கெளம்பிட்ட?" "நான் தூக்கலண்ணா, அதுவா வருது." "அப்ப அதுக்கும் சேர்த்து துட்டு குடு. சும்மா வந்தா எனக்கு பேஜாரு." கொடுத்தாள். நாற்காலி முன்னால், டிரைவர் பக்கத்தில் நின்றபடியே வந்தது.

கடைக்குள் அது தன் கவுன்டருக்கு வரும், காலுக்கு விடிவு வந்தது என்றுதான் ரோஸி நம்பினாள். அது அவளைத் தாண்டிப் போனது. காந்திமதியைத் தாண்டியது, சுடிதார் செக்‌ஷனைத் தாண்டியது, ஒவ்வொரு படியாக நாலாவது மாடிக்கு ஏறியது. அந்தக் கடையில் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் ரோஸி நாலாவது மாடிக்குப் போனதேயில்லை. கீழே கஸ்டமருக்குப் பிரித்துக் காட்டுகிற புடவையெல்லாம் மூட்டையாக மேலே போகும். மடித்து, மடிப்புக் கலையாமல், மறுபடி கீழே வரும். மடிப்பது 'இந்திப் பொண்ணுங்க' என்று எல்லாருக்கும் தெரியும். மீட்டிங்குக்கு செக்‌ஷன் செக்‌ஷனாகக் கூப்பிட்டபோது, கஸ்டமரே வராத இடத்தை ஒரு செக்‌ஷன் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நாற்காலியின் பின்னாலேயே ரோஸியும் ஏறிப் போனாள். அங்கே ஜன்னல் இல்லாத அறையில் நீளமான மேஜையைச் சுற்றிப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மூலையில் நின்ற ஒருத்தியின் பின்னால் போய் நாற்காலி நின்றது. அவள் பெயர் பூல்மணி, ஜார்க்கண்டில் தும்கா பக்கம். அவளுடைய பாஷை சந்தாலி. இந்தி, தமிழைப் போலவே, பிழைக்க வந்த இடத்தில் கற்றுக்கொண்டது. ரோஸியைவிட அவளுக்கு வேலை நேரம் அதிகம், சம்பளம் குறைவு. கீழே இருப்பவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகே சாப்பாட்டு மேஜை. அவள் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்கல்லாம் மீட்டிங்குக்கு ஏம்மா வரல?" என்று ரோஸி கேட்டாள். "யாரும் கூப்பிடல அக்கா," என்றாள் பூல்மணி. குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிறகு மெதுவாக உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, வாய்விட்டுச் சிரித்தாள். ரோஸிக்கு வெட்கத்தில் காது சுட்டது. அடுத்த ஞாயிறு அவளே அவர்கள் தங்கியிருந்த விடுதிக்குப் போய் எல்லாரையும் அழைத்து வந்தாள். ஹாலில் அன்று மூன்று பாஷையில் பேசினார்கள். டீ ஒரே டிரம்மிலிருந்துதான்.

நாற்காலி தினம் நாலாவது மாடி ஏற ஏறக் கடைக்குள் பேச்சு பெருத்தது. ஆனி கடைசியில் மேனேஜர் சாம்பசிவன் இறங்கி வந்தார். கவுன்டர் பெண்கள் எல்லாருக்கும் ஸ்டூல் வந்து இறங்கியது. "மேல இருக்கிறவங்களுக்கு, சார்?" என்றாள் ரோஸி. "அவங்க நம்ம ஆளுங்க இல்லையேம்மா. கான்ட்ராக்ட். குடுத்தத வாங்கிக்கோங்க." காந்திமதிக்குப் பொறுக்கவில்லை. "உன் கால பாருடி. மொதல்ல நாம குந்துவோம், அப்பால அவுங்களுக்கு கேட்டுக்கலாம்." சொன்னதில் தப்பில்லை. ரோஸி ஸ்டூலைப் பார்த்தாள். அந்த நிமிஷம் அவளுடைய கால் அவளிடம் கெஞ்சியது. "அப்பாலன்னு சொல்லித்தான காந்தி, நமக்கே இவ்ளோ வருஷம் ஆச்சு," என்று சொல்லிவிட்டு, ஸ்டூலின் மேல் ஒரு காட்டன் புடவையை விரித்துப் போட்டுவிட்டு நின்றாள். காந்திமதி ஒருமுறை பெருமூச்சு விட்டாள். பிறகு அவளும் அதையே செய்தாள்.

ஆடித் தள்ளுபடி முழுக்க அந்தக் கடையில் காலி ஸ்டூல்களும், பக்கத்திலேயே நிற்கிற பெண்களும். ஏன் உட்காரவில்லை என்று கஸ்டமர்கள் கேட்டார்கள், இவர்கள் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வந்த ஹெப்சி டீச்சர் கேட்டுவிட்டு மெத்தையிலிருந்து எழுந்து நின்றார். அவரோடு வந்த குடும்பமே எழுந்தது. மறுவாரம் கஸ்டமர்கள் பாதிப் பேர் நின்றார்கள். நின்றபடி எவளாவது பட்டுப்புடவை பொறுக்குவாளா? நாலு பார்த்தார்கள், கால் கடுத்து வெறுங்கையோடு போனார்கள். ஆடிக் கடைசி வெள்ளியன்று மேலே ஸ்டூல்கள் ஏறின. சாப்பாட்டு மேஜை எல்லாருக்கும் ஒரே நேரமானது. சம்பளத்துக்குத் தீபாவளிவரை இழுத்தார்கள், ஆனால் அதுவும் சமமாக வந்தது.

மேலே உட்கார்ந்துவிட்டார்கள் என்று பூல்மணி வந்து சொன்ன பிறகுதான் ரோஸி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள். யாரிடமென்று இல்லாமல் நன்றி, நன்றி என்றாள். காந்திமதியிடம், டீச்சரிடம், தன் காலிடம்கூட.

நாற்காலி அன்றும் நாலு மாடி ஏறி இறங்கி, உட்கார வைக்க ஆள் இல்லாமல் அவள் கவுன்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை ரோஸியும் பூல்மணியும் அதை சர்ச் ஹாலுக்கு அழைத்துப் போனார்கள். மற்ற நாற்காலிகளை லாசரஸ் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ரோஸி வாசலிலேயே நின்றுவிட்டாள். "பூலு, எல்லாரையும் குந்த வெச்சுதே, இது என்னிக்காவது குந்துச்சா?" தை மாதத்திலிருந்து அது நின்றுகொண்டேதான் இருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, அடுக்கின் உச்சியில், இன்னொரு நாற்காலியின் மடியில் அதை உட்கார வைத்தார்கள். பூல்மணி கைகூப்பி, அவள் ஊர் வழக்கப்படி, "ஜோஹார்" என்றாள். நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டு அமர்ந்தது.

இப்போதும் அங்கே கல்யாணம், கூட்டம் என்றால் எல்லா நாற்காலிகளையும் எடுத்துப் போடுவார்கள். மேலே இருக்கிற அதை மட்டும் லாசரஸ் முதலில் தூக்கி வேறொரு நாற்காலியின்மேல் வைத்துவிடுவார். ஆள் கூடி நாற்காலி பற்றாமல் போனால், அந்த இரண்டு நாற்காலிக்குப் பதிலாக இரண்டு பேர் நின்றுகொள்கிறார்கள்.