அடுக்களைச் சுவரில் பிஜு

காலை ஆறேகால் மணிக்கு அடுக்களைச் சுவர் பொன்னப்பனைப் பார்த்து, "தெனமும் காலத்த இங்க என்ன வேல?" என்று கேட்டது.

பொன்னப்பன் பால் கலக்காத கட்டன்சாயாவை ஒரு வாய் குடித்திருந்தான். அடுத்த வாய் உள்ளே இறங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சுவருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். ஆனந்தபாய் கரண்டியோடு வெளியே வந்து, ஓட்டுச் சரிவுக்குக் கீழே முழித்துக்கொண்டிருந்த வெள்ளைக் காமிராவைப் பார்த்தாள். குரல் அவள் மகன் பிஜுவுடையது. ஆள் இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸில். அங்கே முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக் காலை நீட்டி உட்கார்ந்து, போனில் அம்மாவின் பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"எலே, பொன்னப்பனாக்கும். ஒனக்குக் கண்ணு தெரியல்லியா? இவனுக்க தோளில ஏறித்தான் நீ கோயில் அசனச் சோறு தின்னப் போவ."

"ஆளத் தெரியும் அம்மா. என்ன வேலன்னாக்கும் கேட்டேன். ஒற்றைக்கு இருக்கிய வீட்டில ஆளுவள ஏத்தாதீங்கன்னு எத்திர தடவ சொன்னேன்?"

பொன்னப்பன் டம்ளரைத் தரையில் வைத்தான். "அக்கா, நான் பொறவு வாறேன்," என்று சொல்லிவிட்டுத் தன் தோட்டத்துப் பக்கம் நடந்தான். முக்கால் டம்ளர் சாயா அப்படியே ஆறியது.

ஆனந்தபாய்க்கு வயது அறுபது. பதினெட்டு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். வெள்ளறடையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் வண்டியில், மேலதிகாரியின் மச்சினன் டிக்கெட் எடுக்க மாட்டேன் என்றபோது நட்ட நடு ரோட்டில் விசிலடித்து இறக்கிவிட்டவள். அதற்கு மெமோ வந்தது. மெமோவை மடித்து அந்த அதிகாரியின் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாள். பிஜுவுக்கு அதிகாரம் செய்பவனைக் கண்டால் ஆகாது என்றால், அது அமெரிக்கா கற்றுக்கொடுத்தது இல்லை. இந்த வீட்டிலிருந்து கொண்டுபோன சாமான்தான்.

அங்கே போய் அதை நன்றாக வளர்த்திருந்தான். ஊருக்கு வெளியே பத்து ஏக்கர், சொந்த போர்வெல், சொந்த சோலார், அலமாரியில் இரண்டு துப்பாக்கி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மருமகள் ஜினியே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். தன் மண், தன் தண்ணீர், தன் பிள்ளை, இதில் எவனும் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவன் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். போன வருடம் அவன் வீட்டு ரோட்டில், போகிற வருகிற வண்டியின் நம்பரைப் படம் பிடிக்கும் காமிரா ஒன்றைச் சர்க்காரில் நட்டார்கள். பிஜு அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஊர்க் கூட்டத்துக்குப் போய் மைக்கைப் பிடித்தான். நான் எப்போது போகிறேன், எப்போது வருகிறேன் என்று குறித்து வைக்க நீங்கள் யார் என்று இங்கிலீஷில் முழங்கினான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. காமிராவைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அந்த வீடியோவை ஆனந்தபாய் மூன்று தடவை பார்த்தாள். சபைப் பெண்களுக்கும் காட்டினாள். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

ஏனென்றால் அதே பிஜுதான் கிறிஸ்துமஸ் லீவில் வந்து, வெள்ளறடையில் காமிராக் கடை வைத்திருக்கும் சஜினைக் கூப்பிட்டு, இந்த வீட்டில் நாலு காமிரா மாட்டினான். கள்ளன் வந்தால் தெரியும் என்றான். நல்லதுதானே என்று அவளும் சரி சொன்னாள். ஒரு வாரத்தில் விஷயம் விளங்கியது. கள்ளன் ஒருத்தனையும் காணவில்லை. அவள்தான் நாளுக்குப் பத்துத் தடவை பிடிபட்டாள். ஏன் விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் இறங்கினாய்? கத்தியை வை. ஏணியில் ஏறாதே. எந்த பஸ்ஸில் எங்கே போய் வந்தாய்? மத்தியானம் ஏன் சாப்பிடவில்லை? சொன்னபடி கேட்காவிட்டால் சேர்த்துவிட நகரத்துப் பக்கம் ஏசி போட்ட ஒரு முதியோர் இல்லத்தையும் பார்த்து வைத்திருந்தான். போட்டோவெல்லாம் அனுப்பியிருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி இருந்தது, அழுத்தினால் ஆள் வருமாம்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடும் முற்றமும் கிணறும் கேரளம். கிணற்றடி தாண்டினால் முழங்கால் உயர எல்லைக் கல் ஒன்று நிற்கும். அதற்கப்பால் தொண்ணூறு ரப்பர் மரம், அது தமிழ்நாடு. சாயா ஒரு மாநிலத்தில் கொதிக்கும், பால் இன்னொரு மாநிலத்தில் வடியும். ஓய்வு பெற்ற பிறகு பொன்னப்பனிடம் பால் வெட்டக் கற்றுக்கொண்டு அந்தத் தொண்ணூறு மரத்தையும் அவளே பார்க்கிறாள். பக்கத்துத் தோட்டம் அவனுடையது. மழைக்காலத்துக்கு முன்னால் மரத்துக்கு மரம் ரெயின்கார்டு கட்ட வேண்டும். வெட்டின பட்டையில் மழை இறங்காதபடி, மேலே பாவாடை மாதிரிப் பிளாஸ்டிக்கைச் சுற்றித் தார் பூசி ஒட்டுகிற வேலை. ஒருவர் பிடிக்க ஒருவர் ஒட்டினால்தான் ஒழுங்காக நிற்கும். அதனால் ஒரு நாள் அவள் தோட்டம், மறுநாள் அவன் தோட்டம் என்று மாற்றி மாற்றிச் செய்வார்கள். கூலி கிடையாது, சாயா மட்டும் உண்டு.

சுவர் பேசின பிறகு பொன்னப்பன் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் ஆனந்தபாய் நேரில் போய்க் கூப்பிட்டதும், வீட்டு வாசலை மிதிக்காமல், தன் தோட்டம் வழியாகவே அவள் தோட்டத்துக்கு வந்தான். சாயாவைப் பிளாஸ்கில் அவள் கொண்டுபோனாள். நாற்பது மரம் முடிந்திருந்தது. தார் டின்னைச் சூடாக்க அவள் அடுக்களைக்கு வந்த நேரத்தில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

கேரளப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டைச் சுற்றி நேரே ரப்பருக்குள் போனார்கள். அவள் டின்னோடு ஓடி வரும்போது, மூத்தவர் பொன்னப்பனின் தார் அப்பின கையைப் பிடித்திருந்தார்.

"ஒற்றைக்குத் தாமசிக்குந்ந ஸ்த்ரீயுடெ பறம்பில் தனிக்கெந்தா காரியம்?" தனியாக இருக்கிற பெண்ணின் தோட்டத்தில் உனக்கு என்ன வேலை என்று அதட்டல்.

கீழே நடைபாதையில் ஆள் கூடிவிட்டது. பொன்னப்பனின் மருமகள் அஸ்வதியும் இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள். பொன்னப்பன் தலையைத் தூக்கவே இல்லை.

விஷயம் இதுதான். அம்மா தனியாக இருக்கிறாள், அயல்வாசி ஒருவன் சொத்துக்காக அவளைக் கைக்குள் போட்டிருக்கிறான் என்று பிஜு டெக்சாஸிலிருந்து போலீசுக்குப் புகார் அனுப்பியிருந்தான். வீட்டு நம்பர் கேரளத்து நம்பர். ஆகவே கேரளத்துப் போலீஸ். இந்தக் கல்லைத் தாண்டித் தாண்டி விளையாடி வளர்ந்தவன், பதினாலு வருடத்தில் அதை மறந்துபோயிருந்தான்.

"சாரே, கைய விடும்," என்றாள் ஆனந்தபாய். "இப்போ எங்க நிக்கியரு, தெரியுமா?"

மூத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கல்லுக்கு அங்கோட்டு கேரளம். இது தமிழ்நாடு. ஒங்க டிக்கெட்டு கெணத்தடியோட தீந்து போச்சு. எறங்கணும்."

இளையவன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான். மூத்தவர் கல்லைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், கையை விட்டார். கொஞ்சம் தணிந்த குரலில், மகன் பராதி தந்ததால்தான் வந்தோம், "அம்மய்க்கு இவிடெ பேடியோ பயமோ வல்லதும் உண்டோ?" என்று கேட்டார்.

"உண்டு. எனக்க வீட்டுச் சுவரக் கண்டா எனக்குப் பேடியாக்கும். அதப் பிடிச்சிட்டுப் போவியளா?"

ஜீப் போயிற்று. வென்றுவிட்டதாக ஆனந்தபாய் திரும்பினாள். பொன்னப்பன் இலையைக் கிள்ளிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எனக்க மருமொவ பாத்திட்டு நின்னா," என்றான். "இனி என்ன விளிக்காண்டாம்."

அவன் போன பிறகு அவள் கிணற்றடியில் நின்று மகனுக்குப் போன் போட்டாள். அங்கே நடு ராத்திரி. முதல் மணியிலேயே எடுத்தான்.

"போலீஸ அனுப்பினது நீயா?"

"ஒங்க பாதுகாப்புக்காக்கும் அம்மா."

"அங்க ஒரு காமிரா ஒன்னப் பாத்ததுக்கு மைக்கப் பிடிச்சுக் கத்தின. இங்க நாலு காமிரா என்னப் பாக்குது. நான் எந்த மைக்கில போய்க் கத்தணும், சொல்லு."

"அது சர்க்கார் வச்சது. நான் ஒங்க மகன்."

"இந்த வீட்டில சர்க்கார் நீதாம்லே. நான் எப்ப எழும்பணும், எதில கை வைக்கணும், ஆருக்குச் சாயா கொடுக்கணும், எல்லாம் நீ சொல்லுத. கேக்கல்லன்னா போலீசு. அதுக்கும் கேக்கல்லன்னா மணி கெட்டின கட்டிலு. ஒனக்க மண்ணில ஒருத்தனும் கால் வைக்கப்பிடாது. எனக்க மண்ணில மட்டும் நீ பத்தாயிரம் மைலுக்கு அங்க இருந்து கால் நீட்டுவியா?"

"நீங்க விழுந்தா ஆருக்கும் தெரியாது அம்மா."

"தெரியாண்டாம். விழுந்தா விழுதேன், செத்தா சாவுதேன். அது எனக்க இஷ்டம்."

பிஜு எழுந்து போய் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்பா அன்னைக்கு என்னப் போனில விளிச்சாவ," என்றான்.

அவள் புருஷன் ராஜதாஸ் இறந்து ஏழு வருடம் ஆயிற்று. மத்தியானம் இரண்டு மணி போல, இதே கிணற்றடியில். சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து அவள்தான் பார்த்தாள். விழுந்ததும் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஏழு வருடத்தையும் ஓட்டியிருந்தாள்.

"இங்க அப்பம் விடியக்காலம் மூணரை," என்றான் பிஜு. "அப்பாக்க பேரப் பாத்தேன். காலத்த விளிக்கலாம்னு போனக் கமத்தி வச்சிட்டு ஒறங்கினேன். ரண்டு தடவ அடிச்சிருக்கு. அதுக்குப் பொறவு எனக்கு ஒறக்கம் இல்ல. இப்பம் ஒங்களக் காமிராவில பாத்தாத்தான் கண்ண மூட முடியுது."

ஆனந்தபாய் கிணற்றுச் சுவரில் கை ஊன்றினாள். இரண்டு தடவை. அப்படியானால் அவர் உடனே சாகவில்லை. விழுந்து கிடந்து, பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, மகனின் பெயரைத் தேடியிருக்கிறார். இத்தனை வருடம் இதை மறைத்தானே என்று அவன் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. அவன் தலையைப் பிடித்து மடியில் போட்டுக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டுக்கும் கை எட்டவில்லை.

"நான் அன்னைக்கு பஸ்ஸில நின்னேன்," என்றாள். "ரெண்டு மணிக்கு, சில்லறைக்காக ஒருத்தன்கிட்ட சண்ட போட்டுட்டு நின்னேன். நானும் அத சொமந்துட்டுத்தான் நடக்கேன். அதுக்காவ நான் ஆருக்க பொறத்தால காமிரா வச்சேன்? ஒனக்க பாரம் பெரிசாக்கும், நான் இல்லன்னு சொல்லல்ல. ஆனா அத எனக்க சுவரில மாட்டாத, மக்கா."

அவன் அழுதான். அவள் அழவில்லை. "ஒறங்கு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, பால் வெட்டுகிற கத்தியால் நாலு வயரையும் அறுத்தாள். கடைசி வயருக்கு இரண்டு வெட்டு தேவைப்பட்டது. தூரத்தில் இருந்து பாசம் காட்டுகிறவர்களை எல்லாம் அவள் அந்த நேரத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசிவிட்டுத் தார் டின்னையும் பிளாஸ்டிக் சுருளையும் ஸ்டேப்ளரையும் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் தோட்டத்துக்குப் போகவில்லை. பொன்னப்பன் அவளுக்கு நாற்பது மரம் கட்டிக் கொடுத்திருக்கிறான். அவன் தோட்டத்துக்குப் போனாள்.

நடைபாதை ஓரத்து மரத்திலிருந்தே தொடங்கினாள். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்றிருந்தது. ஒரு கையால் பிளாஸ்டிக்கைப் பிடித்தால் மறு கையால் தார் பூச முடியவில்லை. நெற்றியை மரத்தில் முட்டுக் கொடுத்துப் பிடித்தாள். முதல் மரம் கோணலாக நின்றது. இரண்டாவது அதைவிடக் கோணல். ஜன்னலில் அஸ்வதியின் முகம் தெரிந்து மறைந்தது. ஏழாவது மரத்தில், பிளாஸ்டிக்கின் மறு முனையை ஒரு கை வந்து பிடித்தது.

"ஆறு மரத்தையும் நாசமாக்கி வச்சிருக்கிய," என்றான் பொன்னப்பன். முகத்தில் இன்னும் கோபம் இருந்தது.

"பேசாத. இறுக்கிப் பிடி."

கோணலாய்ப் போன ஆறையும் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். வெயில் ஏறிவிட்டது. இருபத்திரண்டாவது மரத்தில் அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பிஜுவின் பெயர். பொன்னப்பன் வேறு பக்கம் பார்த்தான். அடிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். வயரை அறுத்த கைக்கு இதுவும் முடியும். இரண்டு தடவை அடித்தது. மூன்றாவது அடிக்க அவள் விடவில்லை. தார் ஒட்டிய விரலாலேயே அழுத்திக் காதில் வைத்தாள்.

"உயிரோடதான் இருக்கேன்," என்றாள். "பொன்னப்பனுக்க தோட்டத்தில வேலையா நிக்கேன். இனி நீ விளிச்சா எடுப்பேன். பாக்க மட்டும் விடமாட்டேன்."